காலைப் பொழுதைத் திருப்பிக் கொடு: 'சேஞ்சிங் லேன்ஸ்' (2002)

வாகனக் காப்பீட்டில் கிளெய்ம் பிரிவில் எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். கிளெய்ம் படிவத்தில் 'விபத்து நடந்த விதம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான்கு வரி எழுதத்தான் இடம். பலர் அதில் அடங்க மாட்டார்கள். ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதுவார்கள். அப்படி நீட்டி எழுதியதைப் படித்தால், பம்பர் நெளிந்ததைப் பற்றி ஒரு வரி இருக்கும். மீதியெல்லாம் எதிராளியைப் பற்றி. "வண்டியை விட்டு இறங்கவே இல்லை." "கண்ணாடியைக்கூட இறக்கவில்லை." "போய் வேலையைப் பார் என்றார்." இழப்பீட்டுக் கணக்குக்கு அந்த வரிகளால் ஒரு பயனும் கிடையாது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் நெளிசலுக்குத்தான் தொகை போடுவார். ஆனால் எழுதினவருக்கு அந்த வரிகள்தான் விபத்து.

அந்த வரிகளை மட்டும் எடுத்து ஒரு முழுப் படம் செய்திருக்கிறார்கள். பெயர் 'சேஞ்சிங் லேன்ஸ்'. 2002 ஏப்ரலில் வந்தது. பென் அஃப்லெக், சாமுவேல் எல். ஜாக்சன் என்று இரண்டு பெரிய நடிகர்கள். ஓடாத படமும் இல்லை, போட்ட பணத்துக்கு மேல் வசூலித்தது. பிரபல விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தன் அளவுகோலின் உச்சமான நான்கு நட்சத்திரமும் கொடுத்தார். ஆனாலும் இன்று யாரும் இதைப் பேசுவதில்லை. நல்ல படம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பத்தில் ஒன்பது பேர் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள்.

கதை ஒரே நாளில் நடக்கிறது. நியூயார்க், புனித வெள்ளி. மன்ஹாட்டன் தீவின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் எஃப்டிஆர் டிரைவ் என்ற விரைவுச் சாலையில் இரண்டு பேர் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் கேவின் பனெக், பெரும் பணம் புழங்கும் வால் ஸ்ட்ரீட்டின் இளம் வக்கீல். பெரும் பணக்காரர் ஒருவர் சாவதற்கு முன் கையெழுத்திட்ட பத்திரம் அவனிடம் இருக்கிறது. அதைத் தாக்கல் செய்துவிட்டால் அவர் விட்டுப்போன அறக்கட்டளையின் பத்து கோடி டாலருக்கும் மேலான பணம் இவன் நிறுவனத்தின் பொறுப்பில் வந்துவிடும். அந்த நிறுவனத்தை நடத்துவது இவனுடைய மாமனார். இன்னொருவர் டாயில் கிப்சன். காப்பீடு விற்கும் சாதாரண ஊழியர், குடிப்பழக்கத்தை விட்டு மீண்டு வருபவர். பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கு அன்று காலை. மனைவி பையன்களைக் கூட்டிக்கொண்டு நாட்டின் மறுகோடியில் உள்ள போர்ட்லாந்துக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறாள். அவர்களை இங்கேயே இருக்கவைக்க டாயில் குவீன்ஸ் பகுதியில் ஒரு வீடு வாங்கக் கடன் ஏற்பாடு செய்திருக்கிறார்.

இருவருடைய கார்களும் உரசிக்கொள்கின்றன. யாருக்கும் அடியில்லை. டாயில் வண்டியின் டயர் மட்டும் போய்விடுகிறது.

இதற்கு அடுத்த இரண்டு மூன்று நிமிடத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டாயில் இறங்கி வந்து காப்பீட்டு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளலாம் என்கிறார். எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்று நினைக்கிற ஆள். அது வெறும் ஒழுங்குப் பித்து இல்லை. குடித்துக் குடித்து எல்லாவற்றையும் கோணலாகச் செய்த ஒருவர், இனி சின்ன விஷயத்தைக்கூட நேராகச் செய்வேன் என்று தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட வாக்கு. நியூயார்க் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. மோதியவர் நின்று, உரிமத்தையும் காப்பீட்டு விவரத்தையும் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கேவினுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தொகை எழுதாத காசோலை ஒன்றை நீட்டுகிறான். டாயில் வாங்க மறுக்கிறார். சரி, என்னையாவது கோர்ட் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போங்கள் என்கிறார். அடுத்த முறை அதிர்ஷ்டம் அமையட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேவின் போய்விடுகிறான்.

இரண்டு பேரும் போகிற இடம் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். கதவைத் திறந்து விட்டிருந்தால் படமே இல்லை.

டாயில் இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்கிறார். அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. கேவின் சரியான நேரத்துக்குப் போகிறான், ஆனால் அந்தப் பத்திரம் இருந்த கோப்பு கையில் இல்லை. சாலையில் நடந்த அவசரத்தில் அது டாயிலிடம் போய்விட்டது. மாலைக்குள் கொண்டுவா என்கிறார் நீதிபதி. மழையில் நடந்து போகும் டாயிலைத் தேடிப் பிடித்து, என்ன வேண்டும், கேள், கொடுக்கிறேன் என்கிறான் கேவின். டாயில் கேட்பது ஒன்றுதான். அந்தக் காலைப் பொழுதைத் திருப்பிக் கொடு.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக நான் கேட்கும் வார்த்தை இது. யாரும் இதே சொற்களில் சொல்வதில்லை. "பணம் பெரிசில்லைங்க" என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் எதை எதையோ சொல்வார்கள். மகள் தேர்வுக்குப் போகமுடியாமல் போனது, அம்மாவைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது. இழந்த நேரத்துக்கு எழுத எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது. நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஆர்.சி. நகலை எடுத்துக்கொடுங்கள் என்பேன்.

அங்கிருந்து இருவரும் மாற்றி மாற்றி அடித்துக்கொள்கிறார்கள். கேவின் கம்ப்யூட்டர் ஆள் ஒருவனிடம் போகிறான். அவன் கொஞ்சம் தட்டினால் போதும், டாயில் திவாலானவர் என்று பதிவாகி, வீட்டுக் கடன் கையை விட்டுப் போகிறது. டாயில் கேவினுடைய காரின் சக்கரத்தில் போல்ட்டுகளைத் தளர்த்திவிடுகிறார். கேவின் டாயிலின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கே போய் ஒரு பொய்யைச் சொல்லிவைக்கிறான். இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. சம்பவங்களை வரிசையாக எழுதினால் சாதாரணப் பழிவாங்கும் படம்போலத்தான் தோன்றும். விளம்பரமும் அப்படித்தான் செய்தார்கள். அடிதடியை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றம், இப்படி ஒரு படத்தை விரும்பியிருக்கக்கூடியவர்கள் போகவே இல்லை. படம் மறந்துபோனதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

படத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அடிகளில் இல்லை, நடுவில் இருக்கும் இடைவெளிகளில் இருக்கிறது. இருவருமே பல தடவை நிறுத்திவிட முடிவெடுக்கிறார்கள். ஒருவர் மனம் இறங்கி, போதும், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கும் நேரத்தில், மற்றவர் முன்பே ஏவிவிட்ட ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. அவர் அதை ஏவியபோது கோபத்தில் இருந்தார், வந்து சேரும்போது அவரும் வருந்திக்கொண்டிருக்கிறார். கோபமும் வருத்தமும் இரண்டு பேருக்கும் மாறி மாறி வருகின்றன, ஒரே நேரத்தில் வருவதே இல்லை. திரைக்கதையை எழுதியவர்கள் சாப் டெய்லரும் மைக்கேல் டோல்கினும். இந்த நேரப் பிசகை அவர்கள் பின்னியிருக்கும் விதத்துக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்க்கலாம். என் மேசைக்கு வந்த வழக்குகளில் பாதி இப்படித்தான் வளர்ந்தவை. ஒருவர் மன்னிப்புக் கேட்கத் தயாராகும் அன்று மற்றவருடைய வக்கீல் நோட்டீஸ் தபாலில் வந்து சேர்ந்திருக்கும்.

ஜாக்சனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். உரத்த குரலில் மிரட்டும் ஆளாகவே அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த டாயில் வேறொரு மனிதர். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் அளந்து, அதிக மரியாதையாகப் பேசுகிறார். அந்த மரியாதைதான் மூடி. உள்ளே கொதிப்பது அவருக்கே தெரியும். அவர் மதுக்கடையில் ஒரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு உட்காரும் காட்சி ஒன்று இருக்கிறது. குடிப்பாரா மாட்டாரா என்று நாம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோப்பையைத் தொடுவதில்லை. ஆனால் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள்மேல் வெடித்துவிடுகிறார். குடியை விட்டவர் எதை இன்னும் விடவில்லை என்பது அப்போதுதான் புரிகிறது. பின்னால், குடியிலிருந்து மீள அவரைக் கைதூக்கிவிடும் குழுவைச் சேர்ந்த வழிகாட்டி (வில்லியம் ஹர்ட், மிகச் சில காட்சிகளே வருகிறார்) அதை வாய்விட்டுச் சொல்கிறார். உன் போதை சாராயம் இல்லை, குழப்பம்தான் உன் போதை என்கிறார். ஜாக்சனும் நிஜ வாழ்க்கையில் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர், அதைப் பேட்டிகளில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஓடுவதைப் பார்த்தால் அது வெறும் நடிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

அஃப்லெக்கை நான் முதலில் தவறாக எடைபோட்டுவிட்டேன். அழகான முகம், விலை உயர்ந்த கோட்டு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த வழவழப்புதான் பாத்திரம் என்று புரிந்தது. கேவின் கெட்டவன் இல்லை. எல்லாம் சுலபமாகக் கிடைத்ததால் தான் நல்லவனா என்று யோசிக்கவேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை. அன்று ஒரே நாளில் அந்தக் கேள்வி வருகிறது. மரணப் படுக்கையில் இருந்த கிழவரிடம் கையெழுத்து வாங்கப் போனவன் அவனே. தன் பெரியவர்கள் அந்தப் பணத்தில் என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று அவன் கண்டுபிடிக்கிற நேரமும், கோப்பு கிடைக்காமல் அவன் தவிக்கிற நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. கோப்பு கிடைத்தால் அநியாயம் ஜெயிக்கும், கிடைக்காவிட்டால் இவன் அழிவான். வேலைக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு இளைஞன் சட்டத்தின் மேல் தனக்குள்ள நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது கேவின் அவனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதில் இரக்கமும் பொறாமையும் கலந்திருக்கின்றன.

மாமனாராக வருபவர் சிட்னி போலாக். இயக்குநராகத்தான் அவரைப் பலருக்குத் தெரியும், 'அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா'வுக்கு ஆஸ்கர் வாங்கியவர். இங்கே குரலை உயர்த்தாமல் பயமுறுத்துகிறார். உங்களால் எப்படி நிம்மதியாக இருக்கமுடிகிறது என்று மருமகன் கேட்கிறான். நாள் முடியும்போது கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் செய்யும் நல்லது கெட்டதைவிட அதிகம் என்று நம்புகிறேன், அதைத் தவிர வேறென்ன அளவுகோல் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. அவர் அதை உண்மையாகவே நம்புகிறார். அதனால்தான் பதில் சொல்லமுடியாமல் நிற்கிறோம்.

இதற்கு இணையான இன்னொரு காட்சி மனைவியுடன் மதிய உணவு. அமாண்டா பீட் நடித்த சிந்தியா. அவளுக்கு ஒரே ஒரு நீண்ட பேச்சுதான். நேர்மையான ஒருவனைக் கட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு பேராசிரியருடன் வாழ்ந்திருக்கலாம், ஆனால் வால் ஸ்ட்ரீட் வக்கீலைக் கட்டிக்கொண்டேன் என்று ஆரம்பித்து, விளிம்புக்கு வந்துவிட்டால் அங்கேயே வாழவேண்டும், என்னோடு வாழ்வாயா என்று முடிக்கிறாள். அன்பாகத்தான் கேட்கிறாள். மேசை, வெள்ளைத் துணி, அவள் குரலின் இதம், அவன் முகம் வெளுப்பது. படத்தில் எந்த மோதலையும்விட இந்த மேசைதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது.

புனித வெள்ளி என்பதைப் படம் தூக்கிப் பிடிப்பதில்லை. ஆனால் ஓரிடத்தில் கேவின் தேவாலயத்துக்குள் நுழைந்துவிடுகிறான். பாவ அறிக்கை சொல்ல வரவில்லை. இந்த உலகத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள் என்று பாதிரியாரிடம் கேட்கிறான். இரண்டு பேரைக் காகிதப் பைக்குள் போட்டு அடித்துக்கொள்ள விடுவதில் கடவுளுக்குச் சில சமயம் ஒரு விருப்பம் இருக்கிறது என்கிறான். இயக்குநர் ரோஜர் மிச்செல் இதற்கு முன் 'நாட்டிங் ஹில்' என்ற மென்மையான காதல் படம் எடுத்தவர். மனிதர்களைப் பேசவிட்டுக் கேட்கத் தெரிந்த அவர் கையில் கிடைத்ததால்தான் இது கார்கள் மோதும் படமாகப் போகாமல் தப்பித்தது. சால்வடோர் டோட்டினோவின் கேமரா நிலையாக நிற்பதே இல்லை. தோளுக்குப் பின்னாலிருந்து, கண்ணாடி வழியாக, கூட்டத்துக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கிறது. வெளிச்சம் எல்லாம் ஈரமான சாம்பல் நிறம். தொண்ணூற்றெட்டு நிமிடம்தான் ஓடுகிறது, ஒரு முழுப் பகலைக் கடந்து வந்த அசதி நமக்கும் வருகிறது.

குறைகள் இருக்கின்றன. ஒரு மனிதனின் கடன் வரலாற்றை ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்து அவ்வளவு சுலபமாக அழிப்பது எனக்கு ஒட்டவில்லை. டோனி கொலெட் போன்ற ஒரு நடிகையை வைத்துக்கொண்டு, கேவினின் சக ஊழியராக அவ்வப்போது யோசனை சொல்ல மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். டாயிலின் மனைவி வாலரியின் பக்கம் போதுமான அளவு சொல்லப்படவில்லை. குடிகாரக் கணவனோடு அவள் பட்டது என்ன என்று நாம் ஊகித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. அவள் போக நினைத்ததில் நியாயம் இருக்கிறது, அதை அவள் வாயால் சொல்ல இன்னும் ஒரு காட்சி இருந்திருக்கவேண்டும்.

முடிவு பெரிய சர்ச்சை. கடைசிப் பத்து நிமிடம் இனிப்பாகிவிட்டது என்பவர்கள் இருக்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு நேரம் கறாராக இருந்த படம் கொஞ்சம் அவசரமாக எல்லாவற்றையும் நேர்செய்ய முயல்கிறது. ஆனால் அதற்கு முன் இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியை யாரும் குறை சொல்லமுடியாது. கத்தல் இல்லை. இரண்டு பேரும் களைத்துப்போய், தான் என்ன செய்தேன் என்பதை ஒருவர்முன் ஒருவர் சொல்கிறார்கள். எங்கள் தீர்வுக் கூட்டங்களில் அப்படி ஒரு கால்மணி நேரத்தை நான் மூன்றே முறை பார்த்திருக்கிறேன். மூன்றிலும் தொகையைப் பற்றிப் பேச்சே வரவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள், கையில் போனை வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். மோதலுக்கு முன் டாயில் எப்படித் தயாராகி வருகிறார், கேவின் எப்படி வருகிறான் என்பது மனதில் தங்கவில்லை என்றால் பின்னால் அந்த இருபது நிமிடத்தின் எடை தெரியாது. குழந்தைகளோடு பார்க்கும் படம் இல்லை, வசைச் சொற்கள் நிறைய.

போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே, "ஏன்க்கா எல்லாரும் படிவத்துல இவ்வளவு கதை எழுதுறாங்க, வேண்டாததை அடிச்சிட்டு ஸ்கேன் பண்ணலாமா" என்று கேட்டவர். படம் முடிந்ததும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அக்கா, அந்த ஆளு ஏத்திக்கச் சொல்லிக் கேட்கிற இடத்தை இன்னொரு தடவை போடுங்க" என்றார். பின்னுக்கு ஓட்டினேன். கேவின் கதவை மூடுகிறான். கார் நகர்கிறது. சாலையில் மற்ற வண்டிகள் விலகி விலகிப் போக, டாயில் அந்தப் பஞ்சரான காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். தம்பி அங்கேயே நிறுத்தச் சொன்னார்.